ஏழாம் மாத ஸ்ட்ரைக்கர்

ஸ்கேன் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வது இன்றும் குற்றம்தான். இடது கால் ஸ்ட்ரைக்கர் என்று சொல்லலாம். டாக்டர் அப்படிச் சொன்ன மறுநாளே, கோல் அடிக்க ஒரு ஸ்ட்ரைக்கர் கிடைக்காமல் தவித்த கால்பந்து கிளப்பின் தலைவர் வியாசர்பாடிக்கு வந்து, தேன்மொழியின் வயிற்றுக்குப் பொன்னாடை போர்த்தி, "வரலாற்றுத் தருணம்" என்று அரைமணி நேரம் முழங்கினார். கணவன் பாலாஜி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான்.

"நல்லபடியா பொறந்து வளரட்டும் சார்," என்றாள் தேன்மொழி.

"வளர்றது அப்புறம்மா. வீரர்களைப் பதிவு பண்ண வெள்ளிக்கிழமைதான் கடைசி. பொறந்திருந்தாத்தான் பதிவு பண்ண முடியும்."

"ஐயோ, எனக்கு இது ஏழாம் மாசம் சார்!"

"தெரியும்மா. அதான் வியாழக்கிழமை ஆபரேஷனுக்குச் சொல்லிட்டோம்."

தேன்மொழி வயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள். பாலாஜி எழுந்து நின்றான்.

"வியாழக்கிழமை ஒன்றரைக்கு ராகுகாலம் சார். அதுக்கு முன்னாடியே எடுத்துருங்க."