மைனஸ் நாற்பது

“சிவப்பு லைட் எரியுதுன்னு தெரிஞ்சும் பஸ்ஸை ஓட்டின மனுஷனுக்குச் சோறு மட்டும் எப்படித்தான் தொண்டைல இறங்குதோ!”

வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார் கணவர்.

ஐந்து மாதமாகத் தினமும் காலையில் இதே அர்ச்சனைதான்.

இருபது வருஷம் பஸ் ஓட்டியவர். அன்றைக்கு மேட்டில் ஏறும்போது கியர் கைவிட்டது. பிரேக் பிடிப்பதற்குள் பஸ் பின்னால் உருண்டு சுவரில் மோதியது. பின்படியில் நின்ற கண்டக்டருக்கு ஒரு கால் போயிற்று.

விசாரணையில் இவரே எழுதிக் கொடுத்தார். ‘கியர் ஆயில் சூடாகிவிட்டது என்று சிவப்பு விளக்கு எரிந்தது. நான்தான் மதிக்காமல் ஓட்டினேன்.’ அன்றைக்கே சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

பத்து வயது மகள்கூட இப்போது அவரோடு பேசுவதில்லை. பேசாதே என்று அம்மா சொல்லவில்லை. அம்மா பேசுவதைக் கேட்டுக் கேட்டு, அவளாகவே நிறுத்திக்கொண்டாள்.

பையை மாட்டிக்கொண்டு மனைவி வேலைக்குக் கிளம்பினாள். அதே பஸ் கம்பெனியின் வொர்க்ஷாப்தான். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகி, இன்ஜின் எவ்வளவு சூடு, கியர் ஆயில் எவ்வளவு சூடு என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. ‘தர்மாமீட்டர் அக்கா’ என்றுதான் அங்கே பேர்.

உள்ளே நுழைந்ததும் ஃபோர்மேன் கூப்பிட்டார்.

“ஏம்மா, உங்க வீட்டுக்காரர் ஓட்டின பஸ் இன்னைக்குப் பழைய இரும்புக்குப் போகுது. சூட்டைப் பதிவு பண்ற பெட்டி ஒண்ணு அதுல மாட்டியிருந்தியே, எடுத்துக்க.”

“சரி சார்.”

“இன்னொண்ணு. மோதின அன்னைக்கு ஓடின ரெக்கார்டு அதுல இருந்தா பாரு. நாளைக்கு அவருக்குக் கடைசி விசாரணை. சாதகமா ஒரே ஒரு வரி இருந்தாலும் நானே கொண்டுபோய் மேசைல வைக்கிறேன். தங்கமான டிரைவர்மா அவர்.”

“என்ன சார் இருக்கப்போகுது? அவரே ஒத்துக்கிட்டாரே.”

டிரைவரே ஒப்புக்கொண்டுவிட்டதால்தான் அந்தப் பெட்டியை இதுவரை யாரும் தேடவில்லை.

மோதிய வேகத்தில் கழன்று, டிரைவர் சீட்டுக்கடியில் தூசியோடு தூசியாகக் கிடந்தது. துடைத்து ஸ்கேனரில் இணைத்தாள்.

இன்ஜின் சூடு: 86, 91, 97. மேடு ஏற ஏற எண்ணும் ஏறியது.

கியர் ஆயில் சூடு: மைனஸ் நாற்பது.

அடுத்த நிமிஷமும் மைனஸ் நாற்பது. கடைசிவரை தள்ளிப் பார்த்தாள். பஸ் கிளம்பியதிலிருந்து மோதியதுவரை அதே எண்தான்.

கொளுத்துகிற வெயிலில், மூச்சு வாங்கி மேடேறும் பஸ்ஸில், ஐஸைவிடக் குளிர்ந்த ஆயிலா?

ஆயில் சூட்டை அளக்கிற சென்சாரின் பிளக் கழன்று கிடந்தால் ஸ்கேனர் காட்டுகிற எண் அது. பிளக் கழன்றிருந்தால் விளக்குக்குச் சூட்டைச் சொல்ல ஆளில்லை. ஆயில் கொதித்தாலும் சிவப்பு விளக்கு எரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

அப்புறம்தான் நினைவு வந்தது. முந்தின நாள் சாயங்காலம் பஸ்ஸுக்கடியில் படுத்து அந்தப் பிளக்கைக் கழற்றித் துடைத்தது யார்? அடுத்த பஸ்ஸைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டதும், அதை மாட்டாமலேயே எழுந்து ஓடியது யார்? ‘எல்லாம் சரி’ என்று கையெழுத்துப் போட்டது யார்?

டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவர் மகளின் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள்.

“லைட் எரிஞ்சுதா?”

குரலில் காலையில் இருந்த காரம் இல்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“எரிஞ்சுதுன்னு எழுதிக் குடுத்தாச்சே.”

“எரியலை. அந்தப் பெட்டியைப் பார்த்துட்டேன்.”

இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி ஓரமாக வைத்தார். சட்டையின் காலரை நீவிவிட்டபடியே சொன்னார்.

“கண்டக்டரை ஆம்புலன்ஸ்ல ஏத்தினப்புறம் அடியில படுத்துப் பார்த்தேன். பிளக் தொங்கிட்டு இருந்துது. ஆபீஸ் ஆளுங்க வர்றதுக்குள்ள மாட்டிவிட்டுட்டேன்.”

“என்கிட்டகூடச் சொல்லலையே! அஞ்சு மாசமா நான் பேசாத பேச்சா?”

“சொன்னா நீ சும்மா இருப்பியா? அடுத்த நிமிஷம் ஆபீஸுக்கு ஓடிப்போய் ‘நான்தான் பண்ணேன்’னு நிப்பே. உன் குணம் எனக்குத் தெரியாதா? அப்புறம் அந்தக் கண்டக்டர் குடும்பம் உன்னைத்தான் சபிக்கும். உன்னால தாங்க முடியாது. அது என்னோட போகட்டும்.”

அவள் கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை.

அவர் அருகில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நாளைக்கு விசாரணையில என்னைக் காப்பாத்தறேன்னு அதைக் கொண்டுபோய் நீட்டிடாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். அந்த ரெக்கார்டை அழிச்சுடு.”

அவள் மெதுவாகத் தலையாட்டினாள்.

அதை மத்தியானமே அழித்துவிட்டு, ஃபோர்மேனிடம் “ஒண்ணும் இல்லை சார்” என்று சொல்லிவிட்டுத்தான் அவள் வீட்டுக்கு வந்திருந்தாள்.