அடிக்குப் பழகிய கதவு

டிங்கரிங் பட்டறையில் ஒரு பழைய கார் கதவு கிடந்தது. புதிதாக வரும் சுத்தியல்கள் எல்லாம் அதன் மேல் ஒடுக்கு விழ அடித்து, அதையே நிமிர்த்தித் தொழில் பழகும். கதவுக்குச் சலிப்பே கிடையாது.

"கூச்சப்படாம அடி மாப்ளே! கோணிப்போனா இன்னொரு தடவை நிமிர்த்திக்கலாம்" என்று சிரிக்கும்.

ஒருநாள் குட்டிச் சுத்தியல் ஒன்று, ஒடுக்கு இருந்த இடமே தெரியாதபடி நிமிர்த்திவிட்டது. மேஸ்திரி தடவித் தடவிப் பார்த்தார். பளபளவென்று சிவப்புப் பெயிண்ட் அடித்து, கதவை ஒரு காரில் மாட்டிவிட்டார். கதவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"மாமா, ரோட்டுக்குப் போறீங்களா!" என்று குட்டிச் சுத்தியல் துள்ளிக் குதித்துக் கட்டிப்பிடிக்க ஓடிவந்தது.

கதவு அலறியது: "டேய், தள்ளி நில்லுடா! கீறல் விழுந்துடப் போகுது!"