மிதக்கும் தம்பி

ஞாயிற்றுக்கிழமை மதிய வெயில் கணினித் திரையின் ஓரத்தில் விழுந்து கிடக்கிறது. மருந்துக்கடை வைத்திருக்கும் அக்காவும் வேறு ஊரில் தனியாக இருக்கும் தம்பியும் வாராவாரம் சந்தித்துக்கொள்வது இந்த விளையாட்டில்தான். எடையே இல்லாத விண்வெளியில் இரண்டு அணிகள் மிதந்தபடி சுட்டுக்கொள்ளும் போர் அது. இப்போது தம்பியின் வெள்ளை உடுப்பு தலைகீழாக, மெல்லச் சுழல்கிறது. ஹெட்போனில் அவனுடைய அறை கேட்கிறது. நாற்காலி ஒருமுறை முனகியது. அதன்பின் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். “டேய், விளையாடாதடா. ஏதாவது பேசு.” எதிரணியின் குண்டு ஒன்று தோளில் பட்டதும் அவன் பஞ்சு போல விலகிப் போகிறான், தடுத்து நிறுத்த அங்கே எதுவும் இல்லை. “சுடாதீங்க! அவன் என் தம்பி. அவனுக்கு என்னமோ ஆயிடுச்சு!” என்று எல்லோருக்கும் கேட்கும்படி அக்கா கத்துகிறாள். துப்பாக்கிகள் ஓய்கின்றன. முகம் தெரியாதவர்கள் அவனைச் சுற்றி வந்து மிதக்கிறார்கள். அவள் முதுகுக்குப் பின்னால் கணவர், தம்பியின் பக்கத்து வீட்டுக்காரரிடம் போனில் கெஞ்சுகிறார்: “கதவ உடைச்சாவது உள்ள போங்கண்ணே.” சற்று நேரத்தில் ஹெட்போனுக்குள் கதவு உடைகிறது. காலடிகள் ஓடி வருகின்றன. “ஐயோ, மூச்சே இல்லையே,” என்று பக்கத்து வீட்டுக்காரரின் குரல் உடைகிறது.

அவனை நாற்காலியிலிருந்து தூக்குகிறார் போலும். துவண்ட கை விசைப்பலகையை உரசிக்கொண்டு இறங்குகிறது, விசைகள் அழுந்தும் சத்தம் கேட்கிறது. திரையில் தம்பியின் முதுகிலுள்ள உந்துபொறியில் நீலச் சுடர் பற்றிக்கொள்கிறது. சட்டென்று நிமிர்ந்து, அவளைப் பார்த்து நேராக வருகிறான். வருவது அவன் இல்லை என்று அக்காவுக்குத் தெரியும். ஆனாலும் விலகிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.