மாதிரி வீடியோ

“உலகத்துல எந்த மனுஷனாவது இப்படி நடப்பானா?” என்று அனிமேஷன் மாஸ்டர் கேட்டார். வகுப்பில் எல்லோரும் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வாயில்லாப்பூச்சி என்று பெயரெடுத்திருந்த அந்த மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். கம்ப்யூட்டர் திரையில் அவள் செய்த பொம்மை, வயிறு முன்னே போக, மோவாயைத் தூக்கிக்கொண்டு, நாலடிக்கு ஒரு தரம் தலைமுடியைத் தடவியபடி ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. இந்த நடை இன்று தேறாவிட்டால் அவளுக்கு வகுப்பில் இடமில்லை.

“பூமியே தன்னாலதான் சுத்துதுன்னு நெனப்பு இந்தப் பொம்மைக்கு! கற்பனையா?”

“இல்ல சார். ஒருத்தரைப் பாத்துத்தான் செஞ்சேன்.”

“அப்படி ஒரு கோமாளி இருக்கானா? நான் போட்ட விதி என்ன? நடையை வீடியோ புடிச்சு வெச்சுக்கிட்டுத்தானே பொம்மையைத் தொடணும்? எங்க அது? போடு, எல்லாரும் பாக்கட்டும்.”

“வேணாம் சார்...”

“போடும்மா! இல்லன்னா நாளையிலேர்ந்து வராத.”

போட்டாள்.

திரையில் அந்த வகுப்பின் வராந்தா தெரிந்தது. அதன் கோடியிலிருந்து மாஸ்டர் நடந்து வந்துகொண்டிருந்தார்.

வகுப்பில், தலைமுடியைத் தடவப்போன மாஸ்டரின் கை பாதியிலேயே நின்றது. வயிற்றை எக்கி, கைகளை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு, கதவைத் தாண்டிப் போனார். உலகத்தில் எந்த மனுஷனும் அப்படி நடந்து அவள் பார்த்ததில்லை.