கீழ்க் கட்டம்

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு திரையையே பார்த்தாள்.

கணவரின் கண் ஒவ்வோர் எழுத்திலும் சற்று நின்றது. நின்ற எழுத்து மேலே போய் ஒட்டிக்கொண்டது. வரி முடிந்தால் கணினி அதை வாய்விட்டுப் படிக்கும்.

நரம்பு நோயில் கை, கால், நாக்கு என்று ஒவ்வொன்றாகப் போய்விட்டன. கண் மட்டும் மிச்சம்.

தொண்டையில் துளை போட்டு மூச்சுக் குழாய் வைப்பதா, மூச்சு தானாக அடங்கட்டும் என்று அப்படியே விட்டுவிடுவதா? இன்று பதில் சொல்ல வேண்டும் என்றிருந்தார் டாக்டர்.

அவரே சொல்லட்டும் என்றவள் அவள்தான்.

பழைய கணினி. ஒரு வரி எழுதுவதற்குள் அவருக்குக் கண் சோர்ந்துவிடும். அதனால்தான் அவள் தம்பி குணாளன் காலையிலேயே வந்து அதன் வேகத்தை ஏற்றிவிட்டான்.

"இதுல கேஷ் மெமரி கம்மிக்கா. கைக்கெட்டுற தூரத்துல கொஞ்சம் வார்த்தையத்தான் வச்சுக்கும். அதைப் பெருசு பண்ண முடியாது. கிளாக் ஸ்பீடைத்தான் ஏத்தலாம்."

சோதித்தும் பார்த்தார்கள்.

தண்ணீர். வலி. ஃபேன்.

சொற்கள் துள்ளி வந்தன.

"மாப்ள, உங்கக்காவைவிட வேகமாப் பேசுது" என்றது கணினியின் தகரக் குரல். அவளும் தம்பியும் சிரித்தார்கள். அவர் சிரித்தது கண்ணில் தெரிந்தது.

சின்னச் சின்ன வார்த்தையாகச் சோதித்ததுதான் தப்பு.

அவர் ஒரு வார்த்தையில் பதில் சொல்கிறவர் இல்லை. 'பிள்ளைகளையும் உன்னையும் நினைத்துப் பார்த்துவிட்டேன்' என்று தொடங்கினார். வரி நீண்டது. இப்போது ஒவ்வொரு சொல்லையும் கணினி எங்கோ தூரத்திலிருந்து இழுத்து வரவேண்டியிருந்தது. உள்ளே விசிறி இரைந்தது. பெட்டி கொதித்தது.

'எனக்கு அந்தக் குழாய் வேண்ட'

திரை உறைந்தது.

வரிக்குக் கீழே, கணினி ஊகித்துக் கொடுத்த சொற்கள். ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு கட்டங்கள்.

மேலே, 'வேண்டும்'.

கீழே, 'வேண்டாம்'.

"ஹேங் ஆயிடுச்சுக்கா. ரொம்ப ஏத்திட்டேன் போல." குணாளன் கையைப் பிசைந்தான். "பழைய ஸ்பீடுக்கே இறக்கிடறேன். மாமா திரும்ப எழுதட்டும்."

அவள் திரையைப் பார்க்கவில்லை. அவர் கண்களைப் பார்த்தாள்.

திரை நின்றுபோனது அவருக்குத் தெரியவில்லை. கண்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தன. தாழ்ந்து, கீழ்க் கட்டத்தில்.

அசையாமல்.

அவள் எட்டி, சுவரிலிருந்த கணினியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். டாக்டர் உள்ளே வந்தார்.

"என்னம்மா, சொன்னாரா?"

"குழாய் வேணும்னுட்டாருங்க."

டாக்டர் குனிந்து அவர் தோளைத் தட்டினார். "நல்ல முடிவு சார். நாளைக்கே ஏற்பாடு பண்ணிடலாம்."

அவர் கண்கள் விரிந்தன. அவளிடம் வந்தன. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் திரைக்கு ஓடின. கறுத்துக் கிடந்த திரையில், கீழே, அதே இடத்தில் முட்டி முட்டி நின்றன.

டாக்டர் கை கழுவப் போனார்.

குணாளனின் குரல் இறங்கியிருந்தது. "அக்கா... மறுபடி ஆன் பண்ணட்டுமா?"

அவள் திரையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"வேணாம்."