தடை: வீரம்மா

வீரம்மாவுக்கு நடந்தது அநியாயம். இருபத்தாறு வருஷமாகக் கொழுந்து பறிக்கிறவளின் பெயரை, காலையில் எல்லாரும் கூடுகிற பெரட்டுக் களத்துப் பலகையில் ‘தடை’ என்ற கட்டத்துக்குக் கீழே ஒட்டி வைத்திருந்தார்கள். பதினொரு நாளாக.

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு வார லீவுக்கு நோர்வூட்டில் பஸ் இறங்கி வந்த மகள் கிருஷாந்தி, பையைக்கூட லயத்து வீட்டில் வைக்காமல் அந்தப் பலகைக்கு முன்னால் நின்றாள்.

தேயிலைத் தோட்டத்துக்கு ‘அஜைல்’ வந்து இரண்டு மாதம். கொழும்பில் மூன்று நாள் பயிற்சி எடுத்த உதவி மேனேஜரான சின்ன துரை பிரதாப் கொண்டு வந்த புது வேலை முறை. ஆறு பெண்களுக்கு ஒரு குழு. தினமும் காலையில் நின்றுகொண்டே கூட்டம். பரம்பரையாகப் பெரட்டில் நின்றே பழகிய பெண்களுக்கு, இனி நிற்க வேண்டும் என்பதை அவர் படம் போட்டு விளக்கினார். அவர்கள் நின்றபடியே கேட்டுக்கொண்டார்கள்.

பலகையில் நாலு கட்டம். செய்ய வேண்டியது, செய்வது, முடிந்தது, தடை. மஞ்சள் காகிதத்தில் எழுதி ஒட்ட வேண்டும்.

முதல் குழுவின் தடை: ‘ஏழாம் நம்பர் மலையில் குளவிக்கூடு.’ மூன்றாம் குழுவின் தடை: ‘தண்ணீர் பைப் உடைவு.’ நடுவில் இரண்டாம் குழுவின் தடை: ‘வீரம்மா.’

எழுத்து, குழுத் தலைவி வினோதாவுடையது. பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி. வீட்டில் சீனி முடிந்தால் வீரம்மாவிடம்தான் கிண்ணத்தோடு வந்து நிற்பாள்.

கிருஷாந்தி நேரே ஆபீசுக்குப் போனாள்.

“சார், எங்கம்மா மனுஷியா, குளவிக்கூடா?”

பிரதாப் கதிரையைக் காட்டினார். “உட்காருங்க தங்கச்சி. இது யாரையும் குற்றம் சொல்ற முறை இல்ல. குழுவே எடுத்த முடிவு, நான் தலையிடக் கூடாது. தடையை நீக்குறது மட்டும்தான் என் பொறுப்பு.”

“எப்படி நீக்குவீங்க?”

“கொழும்புக்கு மெயில் போட்டிருக்கேன், பதில் வரல. அதுவரைக்கும் அம்மா பறிக்கிற கொழுந்துக்கு எடை கேக்கிறதில்ல.”

“எடைகூடக் கேக்க மாட்டீங்களா?” கிருஷாந்தி உட்காரவில்லை. “இருபத்தாறு வருஷம் சுமந்தவங்களுக்கு இதுதான் மரியாதையா? அந்தக் காலத்துல கங்காணி திட்டினாரு. இப்ப கூட வேலை செய்றவங்களை வச்சே திட்ட வைக்கிறீங்க, அதுவும் மஞ்சள் பேப்பர்ல. இதுல எங்க சார் முன்னேற்றம்?”

இருபது நிமிஷம் பேசினாள். கம்பஸிலேயே அவளை வாதத்தில் ஜெயித்தவர்கள் கிடையாது.

பிரதாப் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். “நல்ல கருத்து. கருத்துக் கேட்டு மாறுறதுதான் இந்த முறையே.”

எழுந்து களத்துக்கு வந்து பலகையிலிருந்து காகிதத்தை உரித்தார். கசக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

“நாளையிலிருந்து அம்மாவுக்கும் எல்லாரையும் போல இருபது கிலோ. சந்தோஷமா?”

கிருஷாந்திக்குச் சந்தோஷம்தான்.

சாயங்காலம் மலையிலிருந்து பெண்கள் இறங்கினார்கள். முன்னால் வந்த வினோதாவின் தலையில் இரண்டு சாக்கு.

“எடுத்தாச்சுக்கா,” என்றாள் கிருஷாந்தி. “நீங்க ஒட்டினதைத் துரை கையாலேயே கிழிக்க வச்சுட்டேன்.”

வினோதா சாக்குகளை இறக்கினாள். “கிழிச்சாச்சா?”

“பின்ன? எங்கம்மா உங்களுக்குத் தடையா?”

வினோதா பாதையைக் காட்டினாள். எல்லாருக்கும் பின்னால் வீரம்மா, ஒரு கையால் இன்னொருத்தியின் தோளைப் பிடித்து, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள்.

“முழங்காலு வீங்கிக் கெடக்கு. சொன்னா, மலைக்கு லாயக்கில்லன்னு டாக்டரு எழுதிருவாரு. பேரை வெட்டிருவாங்க. ஒன் படிப்பு இன்னும் ஒன்றரை வருஷம் கெடக்காம்ல.”

வினோதா ஒரு சாக்கின் வாயை இழுத்துக் கட்டினாள்.

“தடையில பேரு இருந்தா எடை கேக்காமலே முழு நாள் சம்பளத்துக்குப் பேரு போடுறாங்க. வீக்கம் எறங்க இன்னும் பத்து நாளாவது வேணும். அந்த ஒத்த பேப்பர எழுத நாங்க அஞ்சு பேரும் ரெண்டு நாளு யோசிச்சோம். நீ ஒரே மத்தியானத்துல முடிச்சிட்ட. படிச்ச புள்ள.”

“அம்மா என்கிட்ட சொல்லவே இல்லையே...”

“சொன்னா நீ வந்து வாதாடுவன்னுச்சு.”

மறுநாள் காலைக் கூட்டம். பிரதாப் குழுக் குழுவாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

“வீரம்மா, இன்னைக்கு உங்களுக்கு ஏதாவது தடை இருக்கா?”

“ஒண்ணுமில்லீங்க தொரை,” என்றாள் வீரம்மா, காலை மாற்றி நின்றபடி.

“அக்கா பொய் சொல்லுதுங்க தொரை.” வினோதா முன்னால் வந்தாள். கையில் புதிதாக ஒரு மஞ்சள் காகிதம். “வீட்டுல ஒரு தடை வந்து எறங்கியிருக்கு. வேலைக்குப் போக விடாம, தூங்க விடாம, ஒரே வாதம். நேத்து நீங்களே பாத்தீங்கதானே?”

ஓரமாக நின்ற கிருஷாந்தியை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பிரதாப்புக்கு நேற்றைய இருபது நிமிஷம் ஞாபகம் வந்தது. அனுதாபத்தோடு தலையாட்டினார். காகிதத்தை வாங்கி, பலகையில் குளவிக்கூட்டுக்குப் பக்கத்தில் அழுத்தி ஒட்டினார். அதில் எழுதியிருந்தது: ‘வீரம்மாவின் மகள்.’

“தங்கச்சி, மன்னிக்கணும். ஆனா குழுவோட முடிவு,” என்றார். “தடை தீர்ற வரைக்கும் அம்மாகிட்ட எடை கேக்கிறதில்ல. தேதி போடணும். இந்தத் தடை எத்தனை நாளைக்கு இருக்கும்?”

கிருஷாந்தி அம்மாவின் முழங்காலைப் பார்த்தாள்.

“பத்து நாள் லீவு சார். கம்பஸ்ல ஸ்ட்ரைக் வந்தா இன்னும் கூடும்.”