பாசிக்குப் பிடித்த மூன்று

இன்றைக்கு முளைத்திருக்குமோ?

கண் விழித்ததும் அவளுக்கு முதலில் வந்த நினைப்பே அதுதான். வெறுங்காலோடு பின்கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். மரத்தடியில் குந்தி உட்கார்ந்து, மூக்கு மண்ணில் படும்படி குனிந்து தேடினாள். புதிதாக ஒரு புல்கூட இல்லை. அங்கங்கே சொட்டை, மற்ற இடமெல்லாம் பாசி. நீளமாக மூச்சு விட்டாள்.

"அட, விடும்மா. புல்லுக்காக யாராவது இப்படி ஏங்குவாங்களா?" என்றார் அண்ணன், பின்வாசல் படியில் காபியும் கையுமாக.

அவரும் அண்ணியும் முந்தின நாள்தான் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். வீட்டை வாங்க ஒருவர் இன்று பார்க்க வருகிறார். அப்பா இரண்டு பேருக்குமாக விட்டுப்போன வீடு. கடைசிவரை அப்பாவைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தவள் அவள். அதை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தவர் அண்ணன். வேலையை இப்படிப் பங்கு போட்டுக்கொள்வதில் அந்தக் குடும்பத்தில் என்றைக்குமே தகராறு வந்ததில்லை.

முன்பு வந்தவர்களுக்கு வீடு பிடித்துத்தான் இருந்தது. பின்பக்கம் போனதும் முகம் சுருங்கிவிட்டது. "தரைக்குச் சொறி பிடிச்ச மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான்.

அன்றிலிருந்து அண்ணன் போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் புல் மேதை ஆகிவிட்டார். மண்வெட்டியைத் தொட்டறியாத கையை ஆட்டி ஆட்டி அவளுக்குப் பாடம் எடுத்தார்.

"பாசிக்கு மூணு விஷயம்னா உயிர். நிழல், ராத்திரி பூரா காயாத ஈரம், மொட்டையடிச்ச புல். நமக்கு வாய்ச்சதோ களிமண்ணு, குடிச்ச தண்ணியை விடவே விடாது. அதனால கம்பியால குத்தி ஓட்டை போட்டு மணலை நிரப்பு. பாசியை வாரி எடு. நிழல்ல வளர்ற புல் விதையா வாங்கித் தூவு. மரத்துல தாழ்ந்த கிளையைக் கழி. புரிஞ்சுதா?"

புரிந்தது. சொன்னதைப் புரிந்துகொள்வதில் அவள் கெட்டிக்காரி. குத்தினாள், நிரப்பினாள், வாரினாள், தூவினாள். ஒவ்வொன்றையும் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பினாள். கிளைக்கு மட்டும் ஏணி எட்டவில்லை. நூலக வேலை முடிந்து வந்ததும், முகம்கூடக் கழுவாமல், இருட்டும்வரை தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உன்னை மாதிரி மெனக்கெடுற பொண்ணை நான் பார்த்ததே இல்ல" என்று அண்ணி இப்போது எட்டிப் பார்த்துச் சொன்னாள். "இருக்கிற நாலு புல்லையும் தரையோட தரையா எவ்ளோ நீட்டா வெட்டியிருக்கே! என்ன செய்ய, உன் கைராசி அப்படி. கவலைப்படாதே, வீடு போனா நீ எங்ககூட வந்துடு. வாஷிங் மெஷின் ரூம் சும்மாத்தான் கிடக்கு. ஜன்னல் இல்ல. அதனால தூசியும் இல்ல."

"சரி அண்ணி."

உனக்கு இதில் சம்மதமா என்று கேட்க இதுவரை யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்குச் சொல்லத் தோன்றியதுண்டு. 'மாட்டேன்' என்ற சொல் தொண்டைவரை வரும். வந்து, அங்கேயே மரியாதையாக உட்கார்ந்துகொள்ளும்.

வந்தவர் ஒரு கண் டாக்டர். நடுவயதுப் பெண்மணி. கூடத்தையும் அறைகளையும் கடையில் புடவை தள்ளுவதுபோல ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். பின்கதவில் கை வைத்தபோது அண்ணன் குறுக்கே பாய்ந்தார்.

"பின்னாடி ஒண்ணும் இல்ல மேடம். மாடியைப் பார்த்துடலாமே..."

கதவு திறந்துவிட்டது. டாக்டர் தரையைக் குனிந்து பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் காலை வைத்தார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஐயோ, என்ன மெத்துனு இருக்கு! அத்தனையும் பாசியா?" டாக்டரின் குரல் சிறுபிள்ளைக் குரலாகிவிட்டது. "நாள் பூரா விளக்கைப் பிடிச்சுக்கிட்டு அடுத்தவங்க கண்ணையே பார்க்கிறேன். என் கண்ணுக்குக் குளிர்ச்சியா எங்கயும் எதுவும் கிடைக்கல. நானும் வளர்த்துப் பார்த்தேன், கருகிப்போச்சு. இது தானா வந்ததா?"

அண்ணன் ஒரு நொடியில் கட்சி மாறினார்.

"தானா வருமா மேடம்? கண்ணும் கருத்துமா வளர்த்தது. எல்லாம் என் தங்கச்சி கைவண்ணம்."

வாய் கூசாமல் பொய் சொல்வதில் அண்ணனுக்கு இணை அண்ணன்தான்.

"இந்த வீடு எனக்கே வேணும்" என்றார் டாக்டர்.

அண்ணன் தங்கையின் தோளில் கை போட்டார். அப்பா போன அன்றுகூட அந்தக் கை அங்கே வந்ததில்லை. "கேட்டியாம்மா? உன் பாசி நம்மளைக் காப்பாத்திடுச்சு. நீயும் சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடு. டாக்டர் காத்துக்கிட்டிருக்காங்க."

டாக்டரின் பாதம் அமுக்கிய இடம் மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே, தோளிலிருந்த கையை எடுத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் அவள் சொன்னாள்:

"மாட்டேண்ணா. விக்கிறதுக்காகவா தினம் சாயங்காலம் தண்ணி விட்டு, புல்லை மொட்டையடிச்சு, இந்தப் பாசியை வளர்த்தேன்?"